காலிப் படுக்கையின் கணக்கு

2020 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலில் சுமார் 46 லட்சம் பதிவுகள் இருந்தன. மார்ச்சில் கொரோனா பரவியதும் மூட்டு மாற்று, கண்புரை, குடலிறக்கம் என்று தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகள் நாடெங்கும் நிறுத்தப்பட்டன. மே மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது அதே பட்டியலில் 38 லட்சம் பதிவுகளே இருந்தன. சிகிச்சை ஏறக்குறைய நின்றுபோன மூன்று மாதங்களில் பட்டியல் சுருங்கியிருந்தது! இதில் மாயம் ஒன்றுமில்லை. பட்டியலில் சேர வேண்டுமென்றால் குடும்ப மருத்துவர் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். அவர் எழுத வேண்டுமென்றால் நோயாளி அவரிடம் போக வேண்டும். வீட்டைவிட்டு வெளியே வராத மக்கள் பட்டியலிலும் வரவில்லை. பிறகு அவர்கள் வந்தார்கள். 2023 செப்டம்பரில் எண்ணிக்கை 77 லட்சத்தைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. ஒருவரே முழங்காலுக்கும் கண்ணுக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கலாம் என்பதால் ஆள்கணக்கில் அது 65 லட்சம் பேர் அளவில் இருந்தது. ஆனாலும் நாளிதழ்த் தலைப்புகளில் ஏறுவது அந்தப் பெரிய எண்தான், அமைச்சர்கள் பதில் சொல்ல நேர்வதும் அதற்குத்தான். மருத்துவமனைகள் நன்றாக நடக்கின்றனவா என்பதை அந்த எண் தனியாகச் சொல்லிவிடாது என்பதற்கு 2020 மே மாதமே போதுமான சாட்சி.

நோயாளிக்கு முக்கியம் தனக்கு முன்னால் எத்தனை பேர் என்பதைவிடத் தன் முறை எப்போது வரும் என்பது. இரண்டையும் இணைக்கும் எளிய சமன்பாடு ஒன்றை ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1961ஆம் ஆண்டு நிறுவினார்: வரிசையில் இருப்போரின் எண்ணிக்கை என்பது, சேர்வோரின் வேகத்தைச் சராசரிக் காத்திருப்பால் பெருக்கினால் கிடைப்பது. 75 லட்சம் பதிவுகள் கொண்ட பட்டியலில் மாதம் 15 லட்சம் பேர் சேர்ந்து, ஏறக்குறைய அதே அளவில் வெளியேறினால் சராசரிக் காத்திருப்பு 5 மாதம். ஆக, பெரிய பட்டியல் என்பதாலேயே அது நகராத பட்டியல் ஆகிவிடாது. சிறிய பட்டியல் வேகமாக நகர்கிறது என்றும் பொருளில்லை. பிரிட்டிஷ் அரசியல் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1997 தேர்தலில் வென்ற தொழிற்கட்சி பட்டியலிலிருந்து 1 லட்சம் பேரைக் குறைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தது. தலையெண்ணிக்கையைக் குறைக்க மிக மலிவான வழி, சீக்கிரம் முடியும் சிறு சிகிச்சைகளை முதலில் செய்து முடிப்பது. சிக்கலான நோயாளி அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். மருத்துவர்கள் முணுமுணுத்தார்கள். சில ஆண்டுகளில் இலக்கு எண்ணிக்கையிலிருந்து காலத்துக்கு மாறியது. பரிந்துரைக் கடிதத்திலிருந்து சிகிச்சை தொடங்கும்வரை 18 வாரம் என்பது அப்படிப் பிறந்த அளவுகோல். காத்திருப்போரில் 100க்கு 92 பேர் அந்த 18 வாரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது 2012 முதல் விதி. அந்த விதி கடைசியாக நிறைவேறியது 2016 பிப்ரவரியில். அதாவது கொரோனாவுக்கு நான்கு ஆண்டு முன்பே இங்கிலாந்து தோற்கத் தொடங்கிவிட்டது. நோய்த்தொற்று வந்து கெடுத்துவிட்டது என்ற விளக்கம் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேட வேறிடம் போக வேண்டும்.

அந்த வேறிடம் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனம். அங்கே வேலை பார்த்த கணித அறிஞர் அக்னர் எர்லாங், 1909இல் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டினார்: ஊரில் யார் எப்போது அழைப்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாது, அப்படியானால் எத்தனை இணைப்புகள் வைத்தால் போதும்? சராசரிக்குத் தக்கபடி வைத்தால் போதாது என்பது அவருக்குத் தெரிந்தது. அழைப்புகள் சீராக வருவதில்லை. சில நிமிடங்களில் கூட்டமாகவும் சில நிமிடங்களில் ஒன்றுமில்லாமலும் வரும். சும்மா இருந்த நிமிடத்தைச் சேமித்துவைத்து நெரிசல் நேரத்தில் செலவழிக்க முடியாது. வரிசைக் கோட்பாடு என்று இன்று சொல்லப்படும் கணிதத்தின் வித்து இந்த எளிய கவனிப்பில் இருக்கிறது. ஒரே ஒரு மருத்துவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 10 நிமிடம் எடுத்துக்கொள்கிறார். சிலருக்கு 3 நிமிடம், சிலருக்கு அரைமணி. நோயாளிகளும் நினைத்த நேரத்தில் வருகிறார்கள். அவருடைய நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பியிருந்தால், நீண்ட காலச் சராசரியாக ஒருவர் வெளியே காத்திருப்பது 40 நிமிடம். 90 விழுக்காடு நிரம்பினால் 90 நிமிடம். 95 விழுக்காடு நிரம்பினால் 190 நிமிடம், அதாவது 3 மணி நேரத்துக்கும் மேல். 90இலிருந்து 95க்குப் போனதால் மணிக்குக் கூடுதலாகப் பார்க்கப்பட்டவர் எத்தனை பேர்? ஒருவரில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. பத்து மணி நேரத்துக்கு 3 பேர். அந்த 3 பேருக்காக எல்லோருடைய காத்திருப்பும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. மருத்துவர் சோம்பியிருக்கவில்லை, நோயாளிகள் அநியாயத்துக்குப் பெருகிவிடவும் இல்லை.

கேம்பிரிட்ஜின் ஜான் கிங்மன் 1961இல் இதைப் பொதுமைப்படுத்தினார். காத்திருப்பைத் தீர்மானிப்பவை இரண்டு: நிரம்பலும் ஏற்ற இறக்கமும். வருகையிலும் சிகிச்சை நேரத்திலும் எவ்வளவு ஒழுங்கின்மை இருக்கிறதோ அந்த அளவுக்குக் காத்திருப்பு நீளும். அதோடு, மீதமிருக்கும் காலியிடம் பாதியானால் காத்திருப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் இதையொட்டிய ஒன்றுதான். பொது மருத்துவத்தில் சிக்கனம் என்ற பெயரில் ஒவ்வொரு படுக்கையையும் ஒவ்வொரு மணி நேரத்தையும் நிரப்பிவைக்கும் பழக்கமே காத்திருப்பின் பெரும்பகுதியை உண்டாக்குகிறது. அந்தக் காத்திருப்புக்கு ஆகும் செலவு, சிக்கனத்தால் மிச்சமானதைத் தின்றுவிடுகிறது. காலிப் படுக்கை வீண் என்று கணக்கெழுதுபவருக்குத் தோன்றுவது இயல்பு. தீயணைப்பு நிலையத்தில் வண்டி நாள் முழுக்க நிற்பதைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதும் இயல்புதான். இரண்டுக்கும் உள்ள ஒரே வேறுபாடு, மருத்துவமனையில் நெருப்பு தினமும் ஏதோ ஓர் அளவில் எரிந்துகொண்டிருக்கிறது.

தொலைபேசிக் கணக்கு மருத்துவமனைக்குப் பொருந்துமா என்று 1999இல் சோதித்துப் பார்த்தவர்கள் பாகஸ்ட், பிளேஸ், போஸ்னெட் என்ற மூவர். அவசர நோயாளிகள் வந்து சேரும் ஒரு மருத்துவமனையைக் கணினியில் உருவகித்து, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். சராசரிப் படுக்கை நிரம்பல் 85 விழுக்காட்டைத் தாண்டியதும் ஆபத்து கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. 90 விழுக்காட்டை எட்டினால் இடப்பற்றாக்குறை வாடிக்கையாகிறது, அவ்வப்போது நெருக்கடி வெடிக்கிறது என்று கண்டார்கள். இங்கிலாந்து அதே காலத்தில் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தது. 1987-88இல் மனநலப் படுக்கைகள் உட்பட அங்கே சுமார் 3 லட்சம் மருத்துவமனைப் படுக்கைகள்; 2019-20இல் 1 லட்சத்து 41 ஆயிரம். இந்தக் குறைவில் நல்லதும் உண்டு. பழைய மனநல விடுதிகள் மூடப்பட வேண்டியவைதான். கண்புரைக்கு நாட்கணக்கில் படுத்துக்கிடந்தவர்கள் இப்போது அதே நாளில் வீடு திரும்புகிறார்கள். ஆனால் மருத்துவம் மிச்சப்படுத்திய இடம் முழுவதையும் கணக்கு எடுத்துக்கொண்டது. ஆயிரம் பேருக்கு ஜெர்மனியில் 8 படுக்கைகள் அளவில் இருக்க, பிரிட்டனில் இருப்பது சுமார் இரண்டரை. குளிர்காலத்தில் நிரம்பல் 92 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. 2003-04இல் வந்த கட்டணமுறையில் மருத்துவமனைக்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று பணம் தரப்பட்டது. நிரம்பிய படுக்கை வருமானம் தந்தது, காலிப் படுக்கை எதுவும் தரவில்லை. அப்படிப்பட்ட ஏற்பாட்டில் காலியிடத்தைக் காப்பாற்ற எந்த நிர்வாகிக்கு மனம் வரும்?

நிரம்பிய வார்டு தன்னோடு நின்றுவிடுவதில்லை. வார்டில் இடமில்லையென்றால் அவசரப் பிரிவில் இருப்பவரை மேலே அனுப்ப முடியாது; அவர் தள்ளுவண்டியிலேயே நடைவழியில் கிடப்பார். அவர் நகராததால் ஆம்புலன்ஸில் வந்தவரை இறக்க முடியாது. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும். அது நிற்பதால் ஊருக்குள் மாரடைப்பு வந்தவருக்கு வண்டி தாமதமாகும். மறுபக்கத்தில், இன்று இடுப்பு மூட்டு மாற்றத் தேதி குறிக்கப்பட்டவருக்கு அறுவைக்குப் பின் படுக்க இடமில்லை. காலையில் வெறும் வயிற்றோடு வந்தவரைத் திருப்பியனுப்புகிறார்கள். அறுவை நிபுணரும் மயக்க மருத்துவரும் செவிலியரும் சம்பளம் வாங்கிக்கொண்டு வெறும் அரங்கில் நிற்கிறார்கள். 2018 ஜனவரியில் அவசரமற்ற அறுவைகளை மாதக் கடைசிவரை தள்ளிவைக்கும்படி மருத்துவமனைகளுக்கு மேலிடத்திலிருந்தே சொல்லப்பட்டது. கணக்கேட்டின் விசித்திரம் இங்கேதான். படுக்கை மலிவு, அறுவை அரங்கு விலையுயர்ந்தது. மலிவானதை மிச்சம் பிடிக்கப்போய் விலையுயர்ந்ததைச் சும்மா கிடக்க விடுகிறோம். படுக்கைக் கணக்கில் 100க்கு 95 நிரம்பியிருப்பதாகத் திறமையான எண் தெரிகிறது. அரங்கு வெறுமையாகக் கிடந்த காலை அந்தப் பத்தியில் வராது. காத்திருப்பவரும் செலவில்லாமல் காத்திருப்பதில்லை. வலிக்கு மாத்திரை வேண்டும், குடும்ப மருத்துவரிடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும், நடமாட்டம் குறைந்து தசை தளர்ந்தபின் செய்யும் அறுவையிலிருந்து தேறி எழவும் கூடுதல் நாளாகும்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் பழையது, கௌரவமானதும்கூட. இலவசமாகத் தந்தால் தேவைக்கு எல்லையே இருக்காது. எத்தனை படுக்கை போட்டாலும் நிரம்பிவிடும். ஆகவே வரிசைதான் விலைக்குப் பதிலாக நிற்கும் தடுப்பு என்பது அது. 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சராக இருந்த ஈனக் பவல், பதவியிலிருந்து விலகியபின் 1966இல் எழுதிய நூலில் இதைத் தெளிவாக வாதிட்டார். அதற்கும் முன்னால், 1948 ஜூலை 5இல் அன்யூரின் பெவன் தொடங்கிவைத்த தேசிய சுகாதார சேவையின் முதல் ஆண்டுகளிலேயே இந்தப் பயம் பிறந்துவிட்டது. கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் மக்கள் குவிந்தார்கள், செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் போனது, 1951இல் அவற்றுக்குக் கட்டணம் விதிக்க அரசு முடிவெடுக்க, பெவன் பதவி விலகினார். ஆனால் அந்தக் குவிதல் எல்லையற்ற ஆசையல்ல. காசில்லாமல் பல ஆண்டு மங்கிய கண்ணோடும் பல்லில்லாமலும் வாழ்ந்தவர்களின் தேங்கிய தேவை. தேவை பொங்கி வழிகிறதா என்று பார்க்க அமைக்கப்பட்ட கில்போ குழு 1956இல் அறிக்கை தந்தபோது, தேசிய வருமானத்தில் சேவையின் பங்கு 1949-50இல் இருந்த 3.75 விழுக்காட்டிலிருந்து 1953-54இல் 3.25 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது தெரிந்தது. செலவைக் குறைக்க வழிதேட அமைத்த குழு, செலவு குறைந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்தது அந்தக் கால நிதித்துறைக்கு இனிப்பான செய்தியாக இருந்திருக்காது.

பவலுக்கு இன்னும் உறுதியான மறுப்பு ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து வந்தது. 1990களில் அறுவைக்காக 18 மாதம்வரை காத்திருப்பது அதிகாரபூர்வமாகவே ஏற்கப்பட்ட நிலை. 2000 தொடங்கிப் பத்தாண்டு சுகாதாரச் செலவு, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 விழுக்காடு உயர்ந்தது. தேவை உண்மையிலேயே எல்லையற்றதென்றால் இந்தப் பணத்தையும் அது விழுங்கிவிட்டு வரிசையை அப்படியே விட்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. 2007இல் 40 லட்சத்துக்கு மேலிருந்த பட்டியல் 2010 வாக்கில் 25 லட்சத்துக்குப் பக்கமாகச் சுருங்கியது. 18 மாதம் இருந்த இடத்தில் 18 வாரம் நிறைவேறியது. பிறகு 2010களில் செலவின் வளர்ச்சி ஆண்டுக்கு 1 முதல் ஒன்றரை விழுக்காடு என்று சுருக்கப்பட்டது. சேவையின் நீண்ட காலச் சராசரி 3.6. வரிசை மீண்டும் நீண்டது. இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவர் இலவசமாகக் கிடைக்கிறதே என்று இன்னொரு முறை மாற்றிக்கொள்ள வருவதில்லை. வரிசை ஒரு தடுப்பாக வேலைசெய்வது உண்மைதான். ஆனால் அது தடுப்பது யாரை? வசதியுள்ளவர் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுகிறார், பலவீனமானவர் காத்திருக்கும்போதே இறக்கிறார். தேவையற்ற சிகிச்சைக்கு வந்தவரை மட்டும் பொறுக்கியெடுத்துத் திருப்பியனுப்பும் அறிவு வரிசைக்குக் கிடையாது. காசு கொடுத்து வைத்தியம் பார்க்கும் நாடுகளில் பட்டியல் இல்லையே என்று காட்டுவோரும் உண்டு. அங்கே வாசலுக்கே வராதவர்களை யாரும் பட்டியல் போடுவதில்லை.

பவலின் வாதத்துக்கு நெருங்கிய உறவான ஒன்று அமெரிக்காவில் உண்டு. கட்டிய படுக்கை நிரம்பிய படுக்கைதான் என்ற மில்டன் ரோமரின் கவனிப்பு அங்கே விதி என்ற பெயரே பெற்றுவிட்டது. காப்பீடு பணம் கட்டும் இடத்தில், படுக்கை இருந்தால் மருத்துவர் சேர்த்துக்கொள்வார், தேவை பிறகு உண்டாகும். இதை அலட்சியப்படுத்த முடியாது. ஜெர்மனியின் படுக்கைகளில் கொஞ்சம் இந்த வகையாக இருக்கலாம். ஆனால் ரோமரின் விதி வேலைசெய்ய, நிரப்புவதால் யாருக்காவது லாபம் வர வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் இங்கிலாந்து மருத்துவமனை மருத்துவருக்கு ஒரு நோயாளியைத் தேவையில்லாமல் இரண்டு நாள் வைத்திருப்பதால் கிடைப்பது எதுவுமில்லை. காலியிடம் வேண்டும் என்பவர் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: அதைக் காலியாகவே வைத்திருக்கும் ஒழுங்கு தானாக வராது, அதற்கும் ஒரு விதி வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்றைக்கு மிகவும் வலுவானது. பணமும் ஆளும் கூடியிருக்கின்றன, வேலை கூடவில்லையே என்கிறது அது. 2024 செப்டம்பரில் டார்சி பிரபு அரசுக்குத் தந்த அறிக்கையில் இது அப்பட்டமாக இருக்கிறது: 2019க்கும் 2023க்கும் இடையே மருத்துவமனை ஊழியர் 17 விழுக்காடு கூடியிருக்க, சிகிச்சைகளின் எண்ணிக்கை அதற்குத் தக்கபடி ஏறவில்லை. சோம்பேறித்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அறுவை நிபுணர்களைக் கூட்டிவிட்டுப் படுக்கையைக் கூட்டாமல் விட்டால் எண்ணிக்கை ஏறாது. ஒரு தொடரில் மிகக் குறுகலான இடமே மொத்த ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. அதே அறிக்கை குறுகலான இடங்களையும் காட்டுகிறது. பத்து ஆண்டுக்கும் மேலாகக் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் போதிய முதலீடு இல்லை. 2014-15 முதல் 2018-19 வரை மட்டும் அன்றாடச் செலவின் ஓட்டையை அடைக்க 430 கோடி பவுண்டு மூலதனத் தொகையிலிருந்து எடுத்துச் செலவழிக்கப்பட்டிருக்கிறது. ஸ்கேன் இயந்திரங்கள் வளர்ந்த நாடுகளின் சராசரியைவிடக் குறைவு. கூரை ஒழுகும் அரங்கில் கூடுதலாக ஒரு மருத்துவரை நிறுத்தினால் உற்பத்தித்திறன் கணக்கில் விழும் என்பதைச் சொல்ல பொருளாதாரம் படிக்கத் தேவையில்லை. ஊழியர் கணக்கிலும் இதே கதை உண்டு. நிரந்தர ஆட்களை அளந்து வைத்து உபரியே இல்லாமல் ஓட்டினால், ஒருவர் விடுப்பெடுத்தாலும் ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து ஆள் எடுக்க வேண்டும். 2022-23இல் அப்படிக் கொடுத்தது மட்டும் 300 கோடி பவுண்டுக்கு மேல்.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது ஆட்சேபம்கூட அல்ல, திருத்தம். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். கிங்மனின் சூத்திரத்தில் நிரம்பல் மட்டுமா இருக்கிறது, ஏற்ற இறக்கமும் இருக்கிறதே, அதைக் குறைக்கலாமே? பாஸ்டனில் யூஜின் லிட்வாக் மருத்துவமனைகளின் தினசரிச் சேர்க்கையை ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. விபத்தும் மாரடைப்பும் அன்றாடம் ஓரளவு சீராக வருகின்றன. கூட்டத்தின் உச்சங்களை உண்டாக்குவதில் பெரும்பங்கு நாமே தேதி குறிக்கும் அறுவைகளுக்கு. நிபுணர்கள் எல்லோரும் வாரத்தின் முற்பகுதியையே விரும்பினால் வார்டு புதனன்று பிதுங்கும், ஞாயிறன்று காலியாகக் கிடக்கும். அட்டவணையைச் சமப்படுத்திய சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையால் அதே படுக்கைகளில் கூடுதல் நோயாளிகளைப் பார்க்க முடிந்தது. இயற்கை தரும் ஒழுங்கின்மையை நம்மால் மாற்ற முடியாது, நாம் செய்துகொண்டதை மாற்றலாம் என்பது இதன் சாரம். இங்கிலாந்தின் பதில் வேறு வடிவில் வந்தது: அவசர சிகிச்சையையும் தேதி குறித்த அறுவையையும் ஒரே கூரையின்கீழ் வைக்காமல் பிரிப்பது. லண்டனுக்குத் தென்மேற்கே எப்சம் ஊரில் 2004 முதல் மூட்டு அறுவைக்கென்றே தனி மையம் இயங்குகிறது. குளிர்காலக் காய்ச்சல் வார்டை நிரப்பினாலும் அங்கே தேதி மாறாது, ஏனென்றால் அந்தப் படுக்கைகளுக்கு அவசரப் பிரிவிலிருந்து யாரும் வரமாட்டார்கள். கொரோனாவுக்குப் பின் இத்தகைய மையங்கள் நாடெங்கும் பெருகின. இவை உதவும். ஆனால் கிங்மனின் சூத்திரம் ஒரு பெருக்கல்; அதில் ஓர் எண்ணைக் குறைத்துவிட்டு இன்னோர் எண்ணை மேலே ஏறவிட்டால் விடை பழைய இடத்துக்கே திரும்பும். அட்டவணையைச் சமப்படுத்திக் கிடைத்த இடத்தையும் உடனே நிரப்பிவிட்டால் அடுத்த காய்ச்சல் பருவம் பழையபடிதான் இருக்கும்.

கணிதம் தெரிந்தவர்கள் இன்னொரு குறை சொல்வார்கள்: 85 விழுக்காடு என்ன மந்திர எண்ணா? இல்லை. ஒருநாளில் சராசரியாக 100 படுக்கை தேவைப்படும் மருத்துவமனையில், வருகை தற்செயலானது என்றால், தேவை வழக்கமாக 10 கூடும் அல்லது குறையும். அதன் இருமடங்கைத் தாங்க 120 படுக்கை வேண்டும். அப்போது நிரம்பல் 83 விழுக்காடு. தேவை 400 என்றால் ஊசல் 20தான்; 440 படுக்கை போதும், நிரம்பல் 91. தேவை 900 என்றால் 960 படுக்கையில் 94 விழுக்காட்டில்கூடச் சமாளிக்கலாம். தேவை பெருகும் வேகத்தில் உபரி பெருக வேண்டியதில்லை. அதன் வர்க்கமூலத்தின் வேகத்தில் பெருகினால் போதும். ஆகவே எல்லா மருத்துவமனைக்கும் ஒரே எண்ணை விதிப்பது தவறு, சிறு மருத்துவமனையைப் பெரியதோடு ஒப்பிட்டுத் திறமையற்றது என்று சொல்வது அதைவிடத் தவறு. பெரிய மருத்துவமனைகளும் இந்தச் சலுகையை முழுதாக அனுபவிப்பதில்லை. 900 படுக்கை என்பது காகிதத்தில்தான் ஒன்று. ஆண் வார்டு, பெண் வார்டு, குழந்தைகள், தொற்று நோயாளிகளுக்கான தனியறை, எலும்பு முறிவு, இதயம் என்று பிரித்தபின் அது முப்பது சிறு மருத்துவமனைகளின் கூட்டம். காய்ச்சல் பருவத்தில் எல்லா வார்டும் ஒரே வாரத்தில் பிதுங்கும்போது தற்செயல் என்ற அனுமானமும் உடைந்துபோகிறது. உண்மையான ஊசல் கணித ஊசலைவிடப் பெரியது.

சரி, இடம் வேண்டும் என்றால் அதை எங்கே வாங்குவது? புதிய வார்டு கட்டுவது ஒரு வழி, மெதுவான வழி. டார்சி அறிக்கையின்படி மருத்துவமனைப் படுக்கைகளில் 13 விழுக்காட்டில் இருந்தவர்கள் சிகிச்சை முடிந்தவர்கள்; வீட்டில் உதவிக்கு ஆளோ, பராமரிப்பு இல்லத்தில் இடமோ, வேறு பொருத்தமான ஏற்பாடோ கிடைக்காததால் கிளம்ப முடியாதவர்கள். நிரம்பல் கூடக் கூடக் காத்திருப்பு செங்குத்தாக ஏறும் பகுதியில் நிற்கும் மருத்துவமனைக்கு 13 விழுக்காடு என்பது சாதாரண எண்ணல்ல. அதில் பாதியை மீட்டாலே 93இல் இருப்பது 87க்கு இறங்கும். காத்திருப்பு அதைவிடப் பல மடங்கு வேகத்தில் இறங்கும். இதைச் செய்யாமலிருப்பதற்குக் காரணம் கணிதமோ மருத்துவமோ அல்ல, பணப்பை. மருத்துவமனைக்குப் பணம் தருவது மைய அரசு. முதியவர் குளிக்கவும் உடுத்தவும் உதவும் பராமரிப்புக்குப் பணம் தருவது உள்ளாட்சி மன்றம், அதுவும் வசதியைச் சோதித்துப் பார்த்தபின். ஒரு மன்றம் பராமரிப்புச் செலவைக் குறைத்தால் மிச்சம் அதன் கணக்கில் விழும், அதனால் நிரம்பும் படுக்கையின் செலவு வேறொருவர் கணக்கில் விழும். 2021-22இல் இங்கிலாந்தின் பராமரிப்புத் துறையில் ஆள் கிடைக்காமல் கிடந்த வேலைகள் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்கினால் அதே கூலியோ கூடுதலோ கிடைக்கும்போது, இரவில் முதியவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலைக்கு யார் வருவார்? 18 வார விதியை 2029 மார்ச்சுக்குள் மீட்பதாக இப்போதைய அரசு அறிவித்திருக்கிறது. அதற்கான திட்டங்களில் கூடுதல் மாலை நேரச் சிகிச்சையும், வார இறுதி அறுவையும், புதிய ஸ்கேன் மையங்களும் இருக்கின்றன. பராமரிப்புத் தொழிலாளியின் மணிக்கூலி சுகாதாரத் துறையின் காத்திருப்பு இலக்கோடு ஒரே கோப்பில் எழுதப்படும்வரை, அந்த ஸ்கேனில் கண்டுபிடித்த தேய்ந்த மூட்டுக்குத் தேதி கொடுக்கும் எழுத்தர், வார்டில் எந்தப் படுக்கை எப்போது காலியாகும் என்று ஊகித்துத்தான் தேதி எழுத வேண்டியிருக்கும்.